அண்ணன் போட்டுக்கொள்ளாத ஊசி

1

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் காஸல் நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்தை ஒட்டிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கூடுவோம். பிள்ளைகள் ஒரு மூலையில் உயிரெழுத்து எழுதுவார்கள். பெரியவர்கள் ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவந்ததைத் தின்றுகொண்டு வாடகை, வரி, விசா என்று பேசிக்கொண்டிருப்போம். தேவாலயக்காரர்கள் கண்டிப்பானவர்கள். போகும்போது நாற்காலிகளை அடுக்கி, தரையைத் துடைத்து, குப்பையை நிறவாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்பித் தர வேண்டும்.

போன வருடம், என் அண்ணன் இறந்த நாளை ஒட்டி வந்த சனிக்கிழமையும் அப்படித்தான் போயிருந்தேன். தரை துடைக்கிற முறை என்னுடையது. சேலத்துப் பையன் பிரபு வாளியோடு உதவிக்கு வந்தான். அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. இந்த நாட்டில் தட்டம்மை ஊசி போட்ட சான்று இல்லாமல் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு அந்த ஊசியைப் போட இஷ்டமில்லை. விலக்கு வாங்க வழியுண்டா என்று என்னிடம் கேட்டான். ஏன் போடக்கூடாது என்றேன்.

"அண்ணே, நீங்க ஆரணிதானே? உங்க ஊர்லயே நடந்திருக்கு, பாருங்க" என்று ஃபோனை நீட்டினான்.

ஒரு பெண்மணி மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். பின்னால் ஒரு மனிதரின் படம், மாலை போட்டு. "ஊசிக்குக் கணவனைப் பறிகொடுத்த பெண், மக்கள் தீர்ப்பில் வென்றார்" என்று மேலே தமிழில் ஓடுகிறது. கீழே ஜெர்மன் எழுத்து வேறு. இங்கே ஊசிக்கு எதிராக ஊர்வலம் போகிறவர்களின் குரூப்பிலிருந்து தனக்கு வந்ததாகப் பிரபு சொன்னான்.

பெண்மணி என் அண்ணி ராஜமதி. படத்தில் இருந்தவர் என் அண்ணன் தரணேந்திரன். படத்தையும் எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். அண்ணன் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

இது என் அண்ணன், இவர் கொரோனா ஊசியைப் போட்டுக்கொள்ளவே இல்லை, போடாததால்தான் போனார் என்று பிரபுவிடம் சொன்னேன். அவன் ஃபோனைத் திருப்பி வாங்கி, படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணிதானேண்ணே சொல்றாங்க" என்றான் மெதுவாக.

2

எங்கள் குடும்பம் தமிழ்ச் சமணக் குடும்பம். ஆரணியைச் சுற்றிய கிராமங்களில் காலங்காலமாக இருக்கிறவர்கள். அண்ணன் அரிசித் தரகர். களம்பூர் மில்களுக்கும் ஆரணிக் கடைகளுக்கும் நடுவே பைக்கில் ஓடிக்கொண்டே இருப்பார். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு தொடமாட்டார். லாரிக்காகக் காத்திருந்து நேரமாகிவிட்டால் பட்டினியாகப் படுத்துக்கொள்வார். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. இங்கே கோடையில் சூரியன் பத்து மணிவரை நிற்கிறது, குளிர்காலத்தில் நாலரைக்கே போய்விடுகிறது. எந்தப் பொழுதுக்குச் சாப்பிடுவது என்று தெரியாமல் பழக்கம் விட்டுப்போனது. அண்ணன் அதைக் கேட்டு வருத்தப்பட்டார், கண்டிக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது அவர் வயதுக்காரர்களுக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். நான் தினமும் ஃபோன் செய்து போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு எங்கிருந்தோ ஒரு செய்தி வந்திருந்தது.

"கன்னுக்குட்டிய அறுத்து ரத்தம் எடுத்து கலக்குறானுங்களாம்டா. அத ஒடம்புல ஏத்திகினு நான் எந்த மூஞ்ச வச்சிகினு கோயிலுக்குப் போவேன்?"

அப்படி இல்லை என்று டாக்டர்கள் எழுதியதை அனுப்பினேன். எங்கள் கோயில் பெரியவர்களே போட்டுக்கொண்டதைச் சொன்னேன். நீ அங்கே இருந்துகொண்டு அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்வதைச் சொல்கிறாய் என்றார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, இந்தச் செய்திகள் வீட்டுக்கு வீடு அளவெடுத்துத் தைத்தவை. எங்கள் வீட்டுக்குக் கன்று வந்தது. பக்கத்துத் தெரு முஸ்லிம் வீடுகளுக்குப் பன்றி போயிருந்தது. கல்யாணமாகாத பையன்களுக்கு ஆண்மை போய்விடும் என்று போயிருந்தது. எல்லாரும் அவரவர் மிகவும் மதிக்கிற ஒன்றை வைத்தே பயமுறுத்தப்பட்டார்கள்.

அண்ணிக்குச் சர்க்கரை உண்டு. அவர் மட்டும் போட்டுக்கொள்வதாகப் பிடிவாதம் பிடித்தார். அண்ணன் தடுக்கவில்லை. பைக்கில் முகாமுக்கு அழைத்துப் போனார். போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைப்பார்களே, அந்த நாற்காலி வரிசையில் மனைவிக்குத் துணையாகத் தானும் உட்கார்ந்தார். முகாம் நடத்தியவர்களில் யாரோ வரிசையைப் படம் எடுத்தார்கள்.

அதே வாரம் அவருக்குக் காய்ச்சல். ஆரணியில் படுக்கை இல்லை, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாயோடு என்னிடம் ஒருமுறை பேசினார். களம்பூரில் ஒரு லோடு நிற்கிறது, மழை வருவதற்குள் இறக்கச் சொல்லு என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

3

விமானம் இல்லை. இருந்தாலும் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வேலையிடத்தில் இரண்டு நாள் விடுப்பாவது கேட்கலாம் என்று நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். பெற்றோர், மனைவி, பிள்ளை இறந்தால் விடுப்பு உண்டு, உடன்பிறந்தவருக்கு எங்கள் நிறுவன விதியில் இல்லை என்றார் அங்கிருந்த அம்மாள். ஆனால் இரக்கமுள்ளவர். வயது என்ன, என்ன நோய் என்றெல்லாம் கேட்டார். ஊசி போட்டிருந்தாரா என்றும் கேட்டார்.

இந்த மொழியில் ஊசி போடுவதற்கு 'இம்ஃபன்' என்று பெயர். திட்டுவதற்கு 'ஷிம்ஃபன்'. இங்கே வந்து அவ்வளவு வருடம் கழித்தும் அன்று எனக்கு நாக்கு குழறியது. என் அண்ணன் திட்டப்படவே இல்லை, திட்டப்பட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தெரியவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் சொந்த விடுப்பில் இரண்டு நாளைக் கழித்து எழுதிக்கொண்டு, தன் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். படிக்கட்டில் இறங்கும்போதுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

4

பிரபு காட்டிய வீடியோவைப் பார்த்த மறுநாள் அண்ணிக்கு ஃபோன் செய்தேன். அவர் நகராட்சிக் கவுன்சிலர் ஆனது எனக்குத் தெரியும். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள், ஒரு கட்சி சார்பில் நின்று ஜெயித்தார் என்பதுவரை சொல்லியிருந்தார்கள். எதைச் சொல்லி ஜெயித்தார் என்பதை யாரும் சொல்லவில்லை.

வீடியோ என்று நான் தொடங்கியதுமே, "உனக்கும் வந்துடுச்சா தம்பி?" என்றார்.

அண்ணன் இறந்த மறுநாளே, நாற்காலி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த படம் வார்டு குரூப்பில் வந்துவிட்டதாம். 'ஊசி போட்டு நாலு நாளில் காலி' என்று எழுதியிருந்தது. துக்க வீட்டில் யாருக்கும் மறுத்து எழுதத் தோன்றவில்லை. தேர்தல் வந்தபோது கட்சியின் ஏழுமலை என்பவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த வார்டில் எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். சாதி ஓட்டுக்கு வழியில்லை. அனுதாப ஓட்டு வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அண்ணிக்கும் நிற்க ஆசை இருந்தது. மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் வருகிற தெரு அது. நகராட்சிக்கு நடந்து நடந்து அலுத்துப்போனவர் அவர்.

ஊசி விஷயம் பொய்யாச்சே என்று அவர் சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏழுமலை, "நீங்க பொய் சொல்ல வாணாம்மா. நெசத்த சொல்லாம இருந்தா போதும்" என்றாராம்.

மேடையில் அண்ணி பேசியது இவ்வளவுதான். வீட்டுக்காரரை இழந்து நிற்கிறேன், எனக்கு வந்தது உங்கள் யாருக்கும் வரக்கூடாது. மீதியை மாலை போட்ட படமும் குரூப்புகளும் பேசின.

"நான் பேசினதுல ஒரு வார்த்த பொய் இல்ல தம்பி. அதான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

ஜெயித்த பிறகு சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஜெயிச்ச அன்னிக்கி மாலையோட தெருவுல வந்துகினு இருக்கேன். ஒரு பொம்பள என் கையப் புடிச்சிகினு அழுவுறா. அவ புருஷனும் ஊசியாலதான் செத்தானாம், கேக்க நாதியில்லாம இருந்துச்சாம், இப்ப நான் வந்துட்டேனாம். அவகிட்ட இன்னா சொல்றது?"

சாக்கடை கட்டி முடித்ததைப் பற்றிச் சொன்னார். இந்த மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை என்றார். அதைச் சொல்லும்போதும் குரலில் தெம்பில்லை. இப்போதாவது சொல்லுங்கள் அண்ணி, இங்கே ஒருவன் உங்கள் முகத்தைக் காட்டித்தான் தன் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி வேண்டாம் என்கிறான் என்றேன். பார்க்கலாம் தம்பி என்று வைத்துவிட்டார்.

நான் பேசிக்கொண்டிருந்ததை என் மகள் நந்தினி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பதினைந்து வயது. பெரியம்மா பேசுகிற தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். ஃபோனில் இரண்டு பேரும் சிரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வீடியோ மட்டும் அவளுக்கு முழுதாகப் புரிந்தது, கீழே ஜெர்மன் எழுத்து இருந்ததால். பெரியப்பா அப்படித்தான் செத்தாரா என்று கேட்டாள். இல்லை என்று விளக்கினேன். உடனே அது பொய்த் தகவல் என்று அந்தத் தளத்துக்குப் புகார் செய்தாள். இறந்தவரின் குடும்பம் நாங்கள் என்றும் எழுதினாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அப்பா, இதற்கு மேல் யாரிடம் சொல்வது என்று ஜெர்மனில் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த மேலிடம் அதுதான்.

5

அதற்குப் பின் நடந்ததை அண்ணி எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல நாள் ஃபோனில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

வார்டில் தேவி என்று ஒரு பெண். ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, பள்ளியில் சேரும் வயது. அந்த வயதில் போட வேண்டிய ஊசிக்கு நர்ஸம்மா வீடு தேடி வந்தபோது, கவுன்சிலர் வீட்டிலேயே சாவு விழுந்திருக்கிறது, எங்களுக்கு வேண்டாம் என்று கணவன் திருப்பி அனுப்பியிருக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோது போட வேண்டியதிலும் பாதி போடவில்லை. அந்தத் தெருவில் அவன் மட்டும் இல்லை, வேறு வீடுகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நர்ஸம்மா அண்ணியிடம் வந்து, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணி சொல்கிறேன் என்றார். நாள் தள்ளிப்போனது.

குழந்தைக்குத் தொண்டையில் வலி என்று ஆரம்பித்தது. சாதாரண ஜுரம் என்று நினைத்தார்கள். கழுத்து வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டை அடைப்பான் என்றார்கள் டாக்டர்கள். அந்த நோயை இந்தக் காலத்தில் பார்ப்பதே அரிது என்றும் சொன்னார்களாம். மருந்து ஏற்றினார்கள். மறுநாள் குழந்தை இறந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு அண்ணி போனார். தேவி தன்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். தேவி அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்கக்கா. போட்ட மறுநாளே போய்ட்டா. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து, அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, அவரை நேராகப் பார்க்க முடியவில்லை என்றார்.

பதினாறாம் நாள் முடிந்த பின், அங்கன்வாடி வாசலில் தெருப் பெண்களைக் கூப்பிட்டார். கட்சிக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. நர்ஸம்மாவும் வந்திருந்தார். அண்ணி அங்கே சொன்னதை யாரோ ஃபோனில் எடுத்திருக்கிறார்கள், நான் பலமுறை பார்த்துவிட்டேன். கையில் மைக் இல்லை. என் வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, எனக்குத் துணையாகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், போட்டுக்கொண்ட நான் உயிரோடு நிற்கிறேன், போடாத அவர் போய்விட்டார், இதை முன்பே சொல்லாதது என் தப்பு, தேவியின் குழந்தைக்கும் ஊசி போட்டிருந்தால் இன்று விளையாடிக்கொண்டிருக்கும் என்கிறார். அதற்கு மேல் முடியாமல் கதவைப் பிடித்துக்கொள்கிறார்.

கூட்டத்திலிருந்து தேவிதான் எழுந்து வந்தாள். அண்ணியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாருக்கா உங்கள மெரட்டனாங்க?"

அது தெளிவாகக் கேட்கிறது அந்தப் பதிவில். அங்கே வெட்டி முடித்துவிட்டார்கள். 'உண்மை சொன்ன கவுன்சிலரை மிரட்டிப் பேச வைத்த அதிகாரிகள்' என்ற தலைப்போடு அது ஊரெல்லாம் சுற்றியது. எனக்கு அது ஆரணியிலிருந்து வரவில்லை. அங்கிருந்து யாரும் அனுப்புவதற்குள், ஜெர்மன் எழுத்தோடு காஸலிலேயே கிடைத்துவிட்டது. பிரபு அனுப்பினான். கூடவே, அண்ணியைப் பத்திரமா இருக்கச் சொல்லுங்கண்ணே என்று எழுதியிருந்தான். அவன் மனதாரத்தான் எழுதினான். தன் குழந்தைக்கு ஊசி போடவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக மனைவி வேலையை விட்டுவிட்டாள்.

ஏழுமலை அண்ணி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நகராட்சிக் கூட்டத்தில் கட்சிக்காரர்கள் அண்ணியைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அண்ணியை யாரும் மிரட்டவில்லை என்பதை இரண்டு தரப்பும் கேட்கத் தயாராக இல்லை. தன் கணவர் செத்ததைப் பற்றி ஒரு பெண் ஊரைக் கூட்டிச் சொன்ன உண்மை, இரண்டு கட்சிக்கும் இரண்டு விதமாகப் பயன்பட்டது. ஊசி போடுகிற நாளில் அங்கன்வாடிக்கு வருகிற கூட்டம் முன்பைவிடக் குறைந்தது.

6

இந்த ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு நந்தினியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி இளைத்திருந்தார். பேச்சு குறைந்துவிட்டது. நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த தமிழில், உங்கள் வீடியோ உண்மை என்று எனக்குத் தெரியும் பெரியம்மா என்றாள். எந்த வீடியோ என்று அண்ணி கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் அங்கன்வாடிக்குக் கிளம்பினார். வாராவாரம் போகிறாராம். நாங்களும் போனோம். நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் மிரட்டலில் பேசுகிறேன் என்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் ஊசியின் பக்கம் இருக்கிறேன் என்றாவது தெரியும் என்றார். தெருவில் போனவர்கள் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். நாலைந்து பெண்கள் நின்று நலம் விசாரித்தார்கள், பாவம் என்ற முகத்தோடு. தேவியும் வந்தாள். தைத்த ரவிக்கை ஒன்றை அண்ணியிடம் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றுவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மேல், பின்பக்கச் சந்து வழியாக ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒன்பது பத்து மாதக் குழந்தை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். நந்தினியின் கையில் ஃபோன் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் அதைப் பைக்குள் போட்டபின்தான் குழந்தையின் சட்டையைத் தளர்த்தினாள். வீட்டுக்காரர் செய்யாறு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார், மாமியாரிடம் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

நர்ஸம்மா குழந்தையின் கையில் ஊசி போட்டார். குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் அதை மார்போடு அணைத்து, வாயைப் பொத்துகிற மாதிரி முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள். போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டப் போனபோது தடுத்தாள்.

"வாணாம் நர்ஸம்மா. வூட்ல பாத்துடுவாங்க."

ராத்திரி ஜுரம் அடிக்கும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸம்மா சொட்டு மருந்து கொடுத்தார். அவள் வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஜுரம் வந்தால் வீட்டில் என்ன சொல்வாய் என்று அண்ணி கேட்டார். அந்தக் காலையில் அவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி அது.

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சந்தில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"பல்லு மொளைக்குதுன்னு சொல்லிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.